காது கேளாத, தன்பாலீர்ப்புள்ள விஞ்ஞானிக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை?

புதிதாகப் படிப்பவர்களுக்காக முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பரிணாம உயிரியலில் முனைவர் பட்டம் முடிக்கும் நிலையில் இருக்கிறார். சிறுவயதிலிருந்தே காது கேட்காது. சைகை மொழிதான் அவருக்குச் சரளம். அவர் ஒரு தன்பாலீர்ப்பாளர்; இரண்டொரு நண்பர்களுக்கு மட்டுமே அது தெரியும். ஆய்வகத்தைவிட, அருங்காட்சியகத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அறிவியலைக் காட்டிச் சொல்லித்தரும் வேலைதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. "எனக்கு இது சரிப்பட்டு வருமா? இரண்டையும் சொல்லித்தான் ஆகவேண்டுமா? கடைசியில் என்னையே ஒரு காட்சிப்பொருளாக்கி வைத்துவிடுவார்களா?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்கும் காது கேட்காது, நானும் தன்பாலீர்ப்பாளன், இதே வேலையில்தான் இருக்கிறேன். படித்தது மட்டும் இயற்பியல். தாராளமாகச் சரிப்பட்டு வரும். பார்வையாளர்களை நினைத்துப் பயப்படாதீர்கள். பிள்ளைகள் ஒரு நிமிடம் உங்கள் கைகளையே முறைத்துப் பார்ப்பார்கள், அடுத்த நிமிடம் டைனோசர் பல்லைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். தொல்லை என்று வந்தால் அது காட்சிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அலுவலகத்திலிருந்துதான் வரும். ஆகவே உங்கள் மூன்று கேள்விகளில் மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அருங்காட்சியகத்தில் சொல்லித்தருவது அடிப்படையில் பார்க்கவைக்கும் வேலை. காது கேட்கும் சக ஊழியர்களில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பொருளைக் காட்டிக்கொண்டே பேசுவார்கள், பேசிக்கொண்டே அடுத்ததற்கு நகர்வார்கள். காது கேட்பவருக்கு இது பரவாயில்லை, கண் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் இருக்கலாம். நமக்கு இருப்பது கண் மட்டும்தான். ஒரு கரைசல் நிறம் மாறப்போகிறது என்று வையுங்கள். செய்முறை காட்டுபவர் "இதோ, இப்போது நீலமாகிறது பாருங்கள்" என்கிறார். காது கேளாத பிள்ளையின் கண் மொழிபெயர்ப்பாளர் மேல் இருக்கிறது. அவர் "நீலம்" என்று சைகை காட்டி முடித்து, பிள்ளை தலையைத் திருப்பும்போது எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். மற்ற பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் ஒலியைப் பற்றிச் செய்முறை காட்டுகிறேன். ஆம், காது கேளாதவன் ஒலியைப் பற்றி. எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787இல் வெளியிட்ட பழைய சோதனை அது. ஒரு பித்தளைத் தகட்டை நடுவில் மட்டும் பொருத்தி நிறுத்துங்கள். மேலே மெல்லிய மணலைத் தூவுங்கள். விளிம்பில் வயலின் வில்லை மேலிருந்து கீழாக இழுங்கள். மணல் துள்ளி ஓடி, தகடு அதிராத இடங்களில் போய் ஒதுங்கிக் கோடுகளாக நிற்கும். விளிம்பில் ஒரு விரலை வேறு இடத்தில் வைத்து மறுபடி இழுத்தால் கோலம் மாறும். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் அப்போது என்னால் எதுவும் சொல்ல முடியாது. அதனால் ஒழுங்கு தானாகவே அமைந்துவிடுகிறது: எங்கே பார்க்கவேண்டும் என்று முதலில் சொல்வேன், பிறகு செய்வேன், வில்லைக் கீழே வைப்பேன், எல்லாக் கண்களும் தகட்டிலிருந்து என்னிடம் திரும்பும்வரை காத்திருப்பேன், அப்புறம்தான் பேச்சு. அந்தக் காத்திருப்பில்தான் காது கேட்கும் பிள்ளைகளும் யோசிக்கிறார்கள். யாராவது ஒருவர் "மணல் ஏன் அங்கே மட்டும் போகிறது?" என்று நான் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுவார். பிறகு ஒரு பலூனை ஊதி ஆளுக்கொரு கையாகப் பிடிக்கக் கொடுத்து, ஒலிபெருக்கியின் அருகே கொண்டுபோவேன். நம் தோல் ஏறக்குறைய 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வைத்தான் மிக நுட்பமாக உணரும். தபேலாவும் ஆண் குரலும் கைக்கு நன்றாகத் தெரியும், விசில் தெரியாது. இதை என்னைவிட இயல்பாக யார் விளக்கமுடியும்?

உங்கள் துறையில் இன்னும் வசதி. தாடை எலும்புகளை வரிசையாக வைத்து, ஊர்வனவற்றின் தாடையில் இருந்த எலும்புகள் பாலூட்டிகளின் நடுக்காது எலும்புகளாக மாறிய கதையைக் காட்டலாம். காதின் வரலாற்றைக் காது கேளாதவர் சொல்வதில் ஒரு குறும்பு இருக்கிறது. பிள்ளைகள் அதை விடமாட்டார்கள்.

சில நடைமுறைத் தொல்லைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் முதலாவது. காகிதம், துணி, சாயம் போகக்கூடிய பொருட்கள் உள்ள கூடங்களில் 50 லக்ஸ் என்ற மங்கலான அளவுக்குத்தான் விளக்கு எரியும். பொருளுக்கு அது நல்லது, கைவிரல்களைப் படிப்பதற்குப் போதாது. மொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடத்துக்கு மட்டும் ஒரு சிறு விளக்கு கேளுங்கள். பொருட்களைப் பாதுகாக்கும் பிரிவினர் முதலில் முகம் சுளிப்பார்கள், விளக்கு பொருளின் மேல் படாது என்று காட்டினால் ஒத்துக்கொள்வார்கள். கோளரங்கம் இதைவிட மோசம், இருட்டுதான் அங்கே சரக்கே. அங்கே முன்கூட்டியே வெளிச்சத்தில் விளக்கிவிட்டு இருட்டில் வெறுமனே பார்க்கவிடுவதுதான் எனக்குத் தெரிந்து நன்றாக வருகிறது.

உதட்டசைவைப் படித்துச் சமாளித்துக்கொள்வீர்கள் என்று உங்கள் மேலாளர் நம்பினால், கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் "பாலை", "மாலை" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒன்றுதான்.

கலைச்சொற்களுக்குச் சைகை இல்லாமல் எழுத்தெழுத்தாக விரலில் காட்டிக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். எடின்பரோவில் உள்ள ஸ்காட்டிஷ் சென்சரி சென்டர் 2007இலிருந்து பிரிட்டிஷ் சைகை மொழியில் அறிவியல் சொற்களுக்கான தொகுப்பை உருவாக்கிவருகிறது. காது கேளாத விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசி உருவாக்கும் சைகைகள் அவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு நாட்டுச் சைகை மொழியும் தனி. ஒரே ஆங்கிலத்தை எழுதும் அமெரிக்கக் காது கேளாதோரும் பிரிட்டிஷ் காது கேளாதோரும் சைகையில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளச் சிரமப்படுவார்கள்; அமெரிக்கச் சைகைக்கு வேர் பிரெஞ்சுச் சைகையில் இருக்கிறது. ஆனால் அவர்கள் அதைச் செய்யும் முறையை எடுத்துக்கொள்ளலாம். "இயற்கைத் தேர்வு" என்பதை உங்கள் மொழிபெயர்ப்பாளர் "யாரோ ஒருவர் பொறுக்கி எடுக்கிறார்" என்பதுபோல் சைகை காட்டினால், உங்கள் பாடமே தலைகீழாகிவிடும். முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள்.

இனி மூன்றாவது கேள்வி.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்ததும் உங்களை "அணுகல் வசதி" பிரிவில் போடப் பார்ப்பார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. அங்கே வசதி என்றால் பல சமயம் காது கருவி அணிந்தவர்களுக்கான காந்தச் சுருள் கம்பியை வரவேற்பு மேசையில் பதித்துவிட்டு ஒரு நீல ஸ்டிக்கர் ஒட்டுவதோடு முடிந்துவிடும். சைகை மொழி பேசுபவருக்கு அதனால் நயா பைசா பயனில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்தால் எல்லா வீடியோவுக்கும் எழுத்து ஓடவிடுவது, தீ எச்சரிக்கைக்கு ஒளிரும் விளக்கு வைப்பது, ஊழியர்களுக்கு "விழிப்புணர்வு" வகுப்பு எடுப்பது எல்லாம் உங்கள் தலையில் விழும். தன்பாலீர்ப்பாளர் என்றும் தெரிந்துவிட்டால் பன்மைத்துவக் குழுவிலும் உங்கள் பெயர் சேர்ந்துவிடும். ஒரே ஆளை வைத்து இரண்டு கட்டத்தில் டிக் அடித்துவிடலாமே! ஓராண்டு கழித்துப் பார்த்தால் பரிணாமத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சிகூட உங்கள் கணக்கில் இருக்காது.

அந்த வேலைகள் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. எழுத்து ஓடாத வீடியோவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னாலும் முடியாது. ஆனால் அது உங்கள் பதவியின் பெயராக இருக்கக்கூடாது. உயிரியல் கல்வியாளர் என்று பதவி, அதில் அணுகல் ஆலோசனைக்கு இவ்வளவு நேரம் என்று எழுத்தில் வரம்பு. இதை முதலிலேயே பேசிவிடவேண்டும்.

இன்னொரு விதத்திலும் காட்சிப்பொருள் ஆக்குவார்கள்: "தடைகளைத் தாண்டிய சாதனையாளர்" சுவரொட்டி. பழைய விஞ்ஞானிகளையும் அப்படித்தான் மாட்டிவைப்பார்கள். எனக்கு வேறு மாதிரிக் கதைகள்தான் பிடிக்கும். யார்க் நகரில் இருந்த ஜான் குட்ரிக் என்ற காது கேளாத இளைஞர், அல்கோல் என்ற விண்மீன் மூன்று நாளுக்குச் சற்றே குறைவான இடைவெளியில் ஒழுங்காக மங்கி ஒளிர்வதை அளந்து 1783இல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு டெல்டா செஃபி என்ற விண்மீனின் ஒளிமாற்றத்தைக் கண்டார். 1786இல், 21 வயதில் இறந்துபோனார். அந்த டெல்டா செஃபியின் வகையைச் சேர்ந்த விண்மீன்களைத்தான் ஹார்வர்டில் ஹென்றியட்டா லீவிட் ஒளிப்படத் தகடுகளில் தேடித்தேடி அளந்தார். ஒளிமாற்றக் காலம் நீண்டால் விண்மீனின் உண்மையான ஒளிர்வும் கூடும் என்று சிறிய மெகல்லானிக் மேகம் என்ற விண்மீன் கூட்டத்தில் இருந்த 25 விண்மீன்களைக் கொண்டு 1912இல் காட்டினார். அவருக்கும் செவித்திறன் குறைந்துபோயிருந்தது. உண்மையான ஒளிர்வு தெரிந்தால் விண்மீனின் தூரத்தைக் கணக்கிடலாம்; அந்த விதியை வைத்துத்தான் வானியலாளர் எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் கூட்டம் நம் விண்மீன் கூட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று நிறுவினார். பிரபஞ்சத்தின் தூரத்தை அளக்கும் ஏணியில் அடுத்தடுத்த இரண்டு படிகள் காது கேளாதவர்கள் போட்டவை. இதில் "தாண்டினார்" என்று சொல்ல என்ன இருக்கிறது? அளந்தார்கள், அவ்வளவுதான்.

1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் பிறகு நாசாவும் காது கேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரியைச் சேர்ந்த 11 காது கேளாத ஆண்களை ஆய்வுக்கு அழைத்த கதையும் அப்படியே. பெரும்பாலோருக்குச் சிறுவயதில் மூளைக்காய்ச்சல் வந்து உள்காதின் சமநிலை உறுப்பு பழுதாகியிருந்தது, அதனால் எவ்வளவு சுற்றினாலும் அவர்களுக்குக் குமட்டல் வராது. கொந்தளிக்கும் கடலில் ஆய்வாளர்கள் வாந்தியெடுத்துக் கிடக்க, இவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்களாம். எடையற்ற நிலையில் மனித உடல் என்ன ஆகும் என்பதை அறிய அவர்கள் தேவைப்பட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், யாரும் பரிதாபப்படமாட்டார்கள்.

இப்போது தன்பாலீர்ப்பைப் பற்றி. இரண்டும் ஒரே மாதிரி "அடையாளங்கள்" என்று பேசுபவர்கள் இரண்டில் ஒன்றைக்கூட அனுபவித்திருக்கமாட்டார்கள். காது கேளாமை சந்தித்த அரை நிமிடத்தில் தானாக வெளிப்பட்டுவிடும், மறைக்க நினைத்தாலும் நடக்காது. மற்றது நீங்களாகச் சொன்னால்தான் உண்டு, புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போதெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டும் சேரும்போது வருகிற சிக்கலை யாரும் சொல்லித்தருவதில்லை.

காது கேட்கும் தன்பாலீர்ப்பாளர் ஒருவர் அலுவலகத்தில் எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள். தேநீர் குடிக்கும்போது, லிஃப்டில், யாரோ விடுமுறை பற்றிக் கேட்கும்போது, "நானும் அவரும் மலைக்குப் போனோம்" என்று பேச்சுவாக்கில் விட்டுவிடுவார். புரிந்துகொள்பவர் புரிந்துகொள்வார். நமக்குப் பேச்சுவாக்கு என்பதே கிடையாது. தேநீர் இடைவேளைக்கு யாரும் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதில்லை. அவர் வருவது கூட்டத்துக்கு, இரண்டு வாரம் முன்பே பதிவு செய்து. அங்கே நிகழ்ச்சிநிரலின் நான்காவது பொருளுக்கும் ஐந்தாவது பொருளுக்கும் நடுவில் இதைச் சொல்லமுடியுமா? சாதாரணமாகச் சொல்லவேண்டிய ஒன்று அறிவிப்பாக ஆகிவிடுகிறது.

சொன்னாலும், உங்கள் வாக்கியம் மேலாளரின் காதுக்குப் போகுமுன் மொழிபெயர்ப்பாளரின் கண்ணுக்குப் போகிறது. அவர் யார், என்ன நினைப்பவர் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்கு ஒருமுறை நடந்தது: "என் துணைவர்" என்று சைகை காட்டினேன். எதிரில் இருந்தவர் பதிலில் "உங்கள் நண்பருக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டது எனக்குத் திரும்பி வந்தது. நடுவில் இருந்தவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து மென்மைப்படுத்தியிருக்கிறார். என் காதில் விழாத ஒரு சொல் என் பெயரில் சொல்லப்பட்டிருக்கிறது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களுக்கு ரகசியம் காக்கும் நெறியும் உண்டு, உள்ளதை உள்ளபடி சொல்லும் நெறியும் உண்டு, பெரும்பாலானோர் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். ஆனாலும் முக்கியமான கூட்டத்துக்கு முன் பத்து நிமிடம் தனியாகச் சந்தித்து, "நான் இன்ன சொல்லைப் பயன்படுத்துவேன், அதே சொல்லைக் குரலில் கொடுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். முகம் மாறினால் வேறு ஒருவரைக் கேளுங்கள். அந்தத் தேர்வு உங்கள் உரிமை என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம்.

நம் சமூகம் எவ்வளவு சிறியது என்பதையும் மறக்கக்கூடாது. மருத்துவமனைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர்தான் அலுவலகத்துக்கும் வருவார். அருங்காட்சியகத்துக்குக் காது கேளாதோர் பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர் உங்கள் பழைய வகுப்புத் தோழராக இருப்பார். ஓரிடத்தில் சொன்னது ஊரெல்லாம் போக ஒரு வீடியோ அழைப்பு போதும். ஆகவே அலுவலகத்தில் சொல்வது என்பது வீட்டுக்கும் சொல்வதுதான் என்று எண்ணியே முடிவெடுங்கள். வீட்டுக்கு இப்போது தெரியக்கூடாது என்றால், அவசரப்படவேண்டாம். விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு, டாம் ஓஷாக்னஸி என்ற பெண்ணுடன் 27 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார். இருவரும் வேறு சிலரோடு சேர்ந்து 2001இல் பிள்ளைகளுக்கான அறிவியல் கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2012இல் சாலி இறந்தபோது வந்த குறிப்பில்தான் உலகத்துக்கு அந்த உறவு தெரிந்தது. அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சொல்ல முடிவெடுத்தால் எழுத்து நமக்கு நல்ல வழி. மேசையில் ஒரு புகைப்படம், அலுவலகக் குழுவில் விடுமுறைப் படத்துக்கு ஒரு வரி. பேச்சுவாக்குக்கு மிக நெருக்கமாக நம்மால் வரமுடிவது அதுதான்.

பிள்ளைகள் கேட்பார்களா? காது கேளாத பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள், நம் ஆட்களுக்குச் சுற்றிவளைத்துக் கேட்கத் தெரியாது. "கல்யாணம் ஆகிவிட்டதா? மனைவி காது கேட்பவரா?" என்று முதல் சந்திப்பிலேயே வரும். "எனக்குத் துணைவர் இருக்கிறார், அவருக்கும் காது கேட்காது. சரி, இந்தப் பல்லைப் பார், இது எதைத் தின்றிருக்கும்?" என்று நான் போய்விடுவேன். அதற்குமேல் விரிவுரை தேவையில்லை.

பாடப்பொருளாக இது வரும் இடம் வேறு, அங்கே உங்கள் படிப்பு கைகொடுக்கும். ராபர்ட் ஸ்காட்டின் 1910–13 அண்டார்க்டிகா பயணத்தில் போன மருத்துவர் ஜார்ஜ் மரே லெவிக், அடேலி பெங்குவின்களின் பாலுறவு நடத்தையைக் கவனித்துப் பதிந்தார். ஆண் ஆணோடு சேர்வதும் அதில் உண்டு. குறிப்பேட்டில் சில பகுதிகளைப் பிறர் படிக்காதிருக்கக் கிரேக்க எழுத்தில் எழுதினார். 1915இல் "வெளியிடத்தக்கதல்ல" என்ற குறிப்போடு 100 பிரதிகள் மட்டும் அச்சாகி, நம்பகமானவர்களுக்குள் சுற்றின. இங்கிலாந்தின் டிரிங்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு பிரதி கண்டெடுக்கப்பட்டு 2012இல்தான் முழுமையாக வெளிவந்தது. 2006இல் ஆஸ்லோவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் விலங்குகளின் தன்பால் நடத்தை பற்றி ஒரு தனிக் கண்காட்சியே வைத்தது. ஹவாயின் ஓவாஹு தீவில் லேசன் ஆல்பட்ரோஸ் பறவைகளின் ஜோடிகளில் 31% இரண்டு பெண்கள் சேர்ந்தவை என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே ஆண் பறவைகள் குறைவு. தனியாக ஒரு பறவையால் குஞ்சு வளர்க்க முடியாது என்பதால் இரண்டு பெண்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வளர்க்கின்றன. அருமையான பரிணாமக் கேள்வி இது. ஒரே எச்சரிக்கை: பறவை செய்கிறது, ஆகவே மனிதர் செய்யலாம் என்ற வாதத்துக்குள் நுழையாதீர்கள். பறவைகள் குஞ்சுகளைக் கொல்லவும் செய்கின்றன. நம் உரிமைக்கு ஆல்பட்ரோஸின் சிபாரிசு வேண்டாம்.

விஞ்ஞானிகளின் கதை வேண்டுமானால் ஃபிராங்க் கமெனி இருக்கிறார். ஹார்வர்டில் வானியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தன்பாலீர்ப்பாளர் என்று 1957இல் அமெரிக்க ராணுவ வரைபடப் பணியிலிருந்து நீக்கினார்கள். அதன்பிறகு வானியலாளராக அவருக்கு வேலை கிடைக்கவே இல்லை. 2009இல் அரசு மன்னிப்புக் கேட்டது. 1965இல் வெள்ளை மாளிகை முன் நடந்த ஆர்ப்பாட்டத்தின் தட்டிகளை அவர் வீட்டில் வைத்திருந்தார். அவை இப்போது வாஷிங்டனில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நிலைமை அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டாலும் முடிந்துவிடவில்லை. பிரிட்டனில் இயற்பியல், வேதியியல், வானியல் சங்கங்கள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையில், பதிலளித்த பால்புதுமையரில் (LGBT+) 28% பேர் பணியிடச் சூழலாலோ பாகுபாட்டாலோ வேலையை விட்டுவிட நினைத்ததுண்டு என்றார்கள். சுற்றுக் கண்காட்சியோடு வெளிநாடு போகும் வாய்ப்பு வந்தால் அந்த நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலுறவு இன்னும் குற்றம். விமான நிலைய விசாரணையில் உங்கள் சைகை மொழி தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார், போனில் இருப்பதெல்லாம் வீடியோ அழைப்பும் படமும். மறுத்துவிட்டால் காரணம் கேட்காத நிறுவனம்தான் நல்ல நிறுவனம்.

நேர்காணலுக்குப் போகும்போது காது கேளாமையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமே. இருபது முப்பது நிமிடத்துக்கொருமுறை மாறிக்கொள்ள இரண்டு பேரைக் கேளுங்கள், உங்கள் ஆய்வுச் சொற்களின் பட்டியலை அவர்களுக்கு முன்பே அனுப்புங்கள். தன்பாலீர்ப்பை அங்கே சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் முறை வரும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: மொழிபெயர்ப்புச் செலவு கல்விப் பிரிவின் பட்ஜெட்டிலிருந்து போகிறதா, நிறுவனத்தின் பொது நிதியிலிருந்தா? பிரிவின் பட்ஜெட் என்றால், உங்களைக் கூட்டத்துக்கு அழைக்கும்போதெல்லாம் மேலாளர் கணக்குப் பார்ப்பார். முதலாண்டில் என்ன உயிரியல் நிகழ்ச்சியை நீங்கள் உருவாக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? காப்பாட்சியர்களோடும் சேமிப்பறை மாதிரிகளோடும் வேலை செய்ய உங்களுக்கு அனுமதி உண்டா? இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பதில் மழுப்பலாக வந்து, "உங்களைப் போன்றவர் இங்கே இருப்பதே எங்களுக்குப் பெருமை" என்று பேச்சு திரும்பினால், கைகுலுக்கிவிட்டு அடுத்த அருங்காட்சியகத்துக்கு விண்ணப்பியுங்கள்.